விளாவிய வெந்நீர்

டொமினிக்காவின் வெந்நீர்க் குளங்களைப் படத்தில் பார்க்கிறவர்களுக்கு, அங்கே எல்லாம் தானாக நடக்கிறது என்று தோன்றும். மலைக்குள் நெருப்பு இருக்கிறது, பாறையிடுக்கில் வெந்நீர் வழிகிறது, மனிதர்கள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். போய்ப் பார்த்த பிறகு நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மலை தருவது கொதிநீர். கை வைத்தால் தோல் உரிந்துவிடும். உட்கார்ந்து குளிக்கக்கூடிய வெந்நீரை அந்த ஊர்க்காரர்கள்தான் ஆக்குகிறார்கள். குழாய் பதித்து, ஆற்றுநீரைத் திருப்பி, பதம் பார்த்து விளாவி, வெள்ளம் வந்து அடித்துப்போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி.

கரீபியன் கடலில் குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவே இருக்கிறது டொமினிக்கா. டொமினிக்கன் குடியரசு வேறு. அது தொலைவில் இன்னொரு தீவில் இருக்கிறது. அக்கம்பக்கத்து இரண்டு பிரெஞ்சுத் தீவுகளும் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட இடங்கள். குவாதலூப்பிலிருந்து படகில் வந்தால் சில மணி நேரத்தில் கடலிலிருந்து செங்குத்தாக எழும் இந்தப் பச்சை மலைகள் தெரியும். 1978இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. பரப்பு 750 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 70,000 பேர். இந்தச் சின்ன நிலத்துக்குள் ஒன்பது எரிமலைகள் இன்னும் உயிரோடிருப்பவையாகக் கணக்கிடப்படுகின்றன. அட்லாண்டிக் கடலின் தரைத்தட்டு கரீபியத் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு இறங்குவதால், ஆழத்தில் பாறை உருகி மேலேறி உண்டான தீவு இது. வெள்ளை மணல் கடற்கரை தேடி வருகிறவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது. மழை மட்டும் வேண்டிய அளவு கிடைக்கும். உள்மலைகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அடியில் நெருப்பும் மேலே ஓயாத மழையும் இருக்கும் ஊரில் வெந்நீருக்குப் பஞ்சம் இருக்குமா?

தலைநகர் ரோசோவிலிருந்து மலைப்பக்கம் போகும் சிற்றுந்தில் ஏறினோம், மகளும் நானும். ஏறுகிற ஒவ்வொருவரும் உள்ளே இருப்பவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். உள்ளே இருப்பவர்களும் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். இரண்டாவது நிறுத்தத்துக்குள் எங்களுக்கும் அது பழகிவிட்டது.

நாங்கள் முதலில் பார்க்கப் போனது மலைக்குள் இருக்கும் கொதிக்கும் ஏரியை. அதற்குப் போகும் பாதை லோடா என்ற மலையூரை ஒட்டித் தொடங்குகிறது. போக மூன்று மணி நேரம், திரும்பவும் அவ்வளவே. வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பள்ளத்தாக்கில் இறங்கிய பிறகு உணர்ந்தேன். முதலில் காடு. மரமாக வளர்ந்த பெரணிகள், பாசி பிடித்த வேர்கள், கட்டைகளைப் பதித்து அமைத்த வழுக்கும் படிகள். பிரேக்ஃபாஸ்ட் ரிவர் என்ற ஓடையில் வழிகாட்டி எங்கள் பாட்டில்களை வாங்கி நிரப்பிக்கொண்டார். இதற்கு மேல் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது என்றார். அங்கிருந்து மோர்ன் நிக்கல்ஸ் உச்சிக்கு ஏறினால் காற்று ஆளைத் தள்ளுகிறது. எதிரே மலைகளுக்கு நடுவிலிருந்து வெண்புகை எழுந்துகொண்டிருந்தது. "அதுதான் ஏரி" என்றார். மகள் அதை மேகம் என்றே நினைத்திருந்தாள்.

உச்சியிலிருந்து இறங்கும் வழி கிட்டத்தட்டச் செங்குத்து. இறங்கிச் சேரும் இடத்துக்கு ஆங்கிலேயர்கள் 'பாழ்ப் பள்ளத்தாக்கு' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். காடு சட்டென்று நின்றுவிடுகிறது. வெளிறிய மண், மஞ்சள் படிந்த பாறைகள், பாலைப்போல வெளுத்து ஓடும் ஒரு நீரோடை, பத்தடி தள்ளிக் கறுப்பாக ஓடும் இன்னொன்று. அந்தக் கறுப்பு இரும்பு சல்ஃபைடு, மஞ்சள் கந்தகம். அடியாழத்திலிருந்து வரும் சூடான வாயு மேலே தேங்கிய மழைநீரைக் கொதிக்க வைக்கிறது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்தக் கந்தக வாயு காற்றுப்பட்டு அமிலமாகிப் பாறையையே அரித்துக் களிமண்ணாக்குகிறது. கீழே ஊரில் அழகு கூட்டும் என்று முகத்தில் பூசிக்கொள்ளும் சாம்பல் நிறக் களிமண் இப்படிப் பிறப்பதுதான். கால் வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் கீழே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வழிகாட்டி கோலால் தட்டிப் பார்த்து, தான் மிதித்த தடத்தில் மட்டும் மிதிக்கச் சொன்னார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தவர் அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. 1880இல் இந்தப் பள்ளத்தாக்கு வெடித்தபோது சாம்பல் ரோசோ நகரம் வரை போய் விழுந்தது. 1997இலும் சிறிதாக ஒருமுறை வெடித்திருக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மண்ணில் நடக்கும்போது ஆண்டுக்கணக்கு எதுவும் பழங்கதையாகத் தோன்றவில்லை.

ஏரியைப் பார்க்க ஒரு பாறை விளிம்பில் நிற்க வேண்டும். முதலில் ஆவி மட்டும்தான். காற்று ஒருமுறை வீசி அதை விலக்கியபோது, கீழே சாம்பலும் நீலமுமான தண்ணீர், நடுவில் உலை கொதிப்பதுபோல் தளதளவென்று பொங்கிக்கொண்டிருந்தது. குறுக்களவு 60 மீட்டருக்கு மேல் இருக்கும். கரையோரத்திலேயே வெப்பம் 80 முதல் 90 டிகிரிக்கு மேல் வரை அளந்திருக்கிறார்கள். நடுவில் போய் அளக்க வழியில்லை. 1870களில் வாட், நிக்கல்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இதைக் கண்டதாகப் பதிவு இருக்கிறது. நாங்கள் தாண்டி வந்த உச்சி அந்த நிக்கல்ஸின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அதற்கு முன்பே இந்தக் காட்டில் வாழ்ந்த கலினாகோ மக்களும், அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பி மலையேறி ஒளிந்தவர்களும் இந்தப் புகையைப் பார்க்காமல் இருந்திருப்பார்களா? பதிவு என்பது எழுதத் தெரிந்தவர் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்த ஏரி ஓயாமல் கொதிக்கிறது என்று சொல்வதும் சரியில்லை. 2004 டிசம்பர் கடைசியில் தண்ணீர் பல மீட்டர் இறங்கி, சூடும் அடங்கிப்போனது. 2005 ஏப்ரலுக்குள் மறுபடியும் நிறைந்து கொதிக்கத் தொடங்கியது. அடியிலிருந்து பொங்கிவரும் வாயுதான் தண்ணீரை அந்த உயரத்தில் தாங்கிப் பிடித்திருக்கிறது. வாயு தளர்ந்தால் தண்ணீர் மலைக்குள்ளேயே வடிந்துவிடும். ஏரி வற்றியிருக்கும் நேரத்தில் யாரும் அருகில் போகக் கூடாது, தண்ணீர் திரும்பி வரும்போது எப்படி வரும் என்று தெரியாது என்றார் வழிகாட்டி. அந்த விளிம்பில் எனக்கு வந்தது பயபக்தி. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

திரும்பும் வழியில், பள்ளத்தாக்கின் ஓரத்தில், காட்டிலிருந்து வரும் குளிர்ந்த ஓடை ஒன்று சூடான ஓடையோடு சேர்கிறது. வழிகாட்டி குனிந்து, கையை அல்ல, முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். இரண்டடி கீழே நகர்ந்து இன்னொருமுறை. பிறகு ஒரு பாறையைப் புரட்டி அந்தப் பக்கம் வைத்து, சிறிது நேரம் காத்திருந்து, "இப்போது உட்காரலாம்" என்றார். கைக்குழந்தைக்குத் தண்ணீர் விளாவிய எந்தத் தாய்க்கும் அந்த முழங்கைச் சோதனை புரியும். மலையை விளாவும் வித்தையை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன்.

அந்த வித்தையின் முழு வடிவம் வாட்டன் வேவன் என்ற ஊரில் இருக்கிறது. ரோசோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் மறுபக்கம், வளைவு திரும்பும்போதே கந்தக நாற்றம் வந்துவிடும். சாலையோரப் பிளவுகளில் ஆவி பறக்கும். வீட்டை ஒட்டிய நிலத்தில் ஊற்று இருப்பவர்கள் தொட்டி கட்டிக் குளியலிடம் நடத்துகிறார்கள். நாங்கள் போனது அப்படி ஒரு குடும்பத்தின் இடம். சிவப்பு இஞ்சிப்பூச் செடிகளுக்கு நடுவே கல்லும் சிமெண்டுமாக அடுக்கடுக்காக இறங்கும் தொட்டிகள். கடைசியில் சலசலவென்று ஒரு குளிர்ந்த ஆறு.

நடத்தும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என்னை "டூடூ" என்று அழைத்தார். கிரியோலில் வேண்டியவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். முதலில் பார்த்தது என் காலை. வெள்ளி போட்டிருக்கிறாய், கழற்றிவிடு, கறுத்துவிடும் என்றார். மலையேறி வீங்கிய விரலில் மெட்டி அசையவில்லை. அப்படியே இறங்கினேன். குளித்து எழுந்தபோது அது நீலமும் கறுப்புமாக மாறியிருந்தது. கந்தக வாயு வெள்ளியை அப்படித்தான் செய்யும். எனக்கு வருத்தமில்லை, திருநீறு போட்டுத் தேய்த்தால் போகிற கறைதான்.

அவர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்தேன். மேட்டில் இருக்கும் ஊற்றுக்கண்ணிலிருந்து கொதிநீர் ஒரு குழாயில் வருகிறது. வரும் வழியிலேயே ஆறட்டும் என்று குழாயைச் சுற்றுவழியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். தொட்டியின் வாயில், பிளந்த மூங்கில் ஒன்று. ஆற்றிலிருந்து திருப்பிய குளிர்நீர் இன்னொரு மூங்கிலில் வருகிறது. இரண்டில் எதை எவ்வளவு விடுவது என்பதை ஒரு துணிச்சுருளும் இரண்டு கூழாங்கற்களும் தீர்மானிக்கின்றன. மழை பெய்தால் ஆற்றுநீர் பெருகித் தொட்டி குளிர்ந்துவிடும், துணியைத் திணிக்க வேண்டும். வெயில் காய்ந்தால் எடுக்க வேண்டும். களிமண் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். நீண்ட கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். அமிலநீர் எந்த இரும்பையும் தின்றுவிடும், ஆகையால் திருகுகுழாய் வைத்தாலும் நிற்காது. தொட்டிகளை இரவில் வடித்துத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்ப வேண்டும். வெந்நீரில் சும்மா சாய்ந்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் அவர் இவ்வளவும் செய்கிறார்.

சூடான தொட்டியில் முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு தோள். பாலும் சாம்பலும் கலந்த நிறத்தில் தண்ணீர். அடியில் மெத்தென்று களிமண். ஏறி இறங்கிய தொடைகளின் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அதிக நேரம் இருக்கக் கூடாது, தலை சுற்றும் என்று சொல்லி அவரே வந்து எழுப்பி ஆற்றுக்கு அனுப்பினார். ஆற்றில் முழுகியதும் மகள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தொட்டியில் இருந்த ஊர்ப் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பிறகு பட்டையும் பிரிஞ்சி இலையும் போட்டுக் காய்ச்சிய கோகோ டீ கொடுத்தார்கள். இப்படி ஒரு குளியலை வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல் ஐந்தாம் வகை வலிமையோடு இந்தத் தீவின் மேல் நேராக ஏறியது. பெரும்பாலான வீடுகளின் கூரைகள் போயின, பிரதமர் வீட்டுக் கூரையும் சேர்த்து. மறுநாள் மலைகளில் ஒரு பச்சை இலை இல்லை என்றார் அந்த அம்மா. ஆறு பாறைகளை உருட்டிக்கொண்டு வந்து தொட்டிகளை மூடிவிட்டது. குழாய்கள் இருந்த இடம் தெரியவில்லை. ஊற்று மட்டும் சேற்றுக்கு அடியில் கொதித்துக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லாத அந்த மாதங்களில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து முதலில் ஒரே ஒரு தொட்டியைத் தோண்டி எடுத்தார்களாம். காசு வாங்கவில்லை. கூரையைத் தூக்கிக் கட்டியவர்கள் மாலையில் வந்து உடம்பு வலி தீரக் குளித்துப் போனார்கள்.

இப்போது இந்த மலைச் சூட்டுக்கு இன்னொரு பயனும் வந்திருக்கிறது. பெரும்பகுதி மின்சாரத்தை டீசலை இறக்குமதி செய்து எடுத்துவந்த நாடு, நிலவெப்பத்தைத் தேடி 2011 இறுதியில் ரோசோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டத் தொடங்கியது. லோடா அருகே 10 மெகாவாட் மின்நிலையம் அமைக்கும் திட்டம் அதிலிருந்து வந்தது. நல்ல திட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். புயல் வந்து துறைமுகம் மூடினாலும் அடுப்பு வீட்டுக்குள்ளேயே இருக்குமே. ஆனால் ஊற்று குறைந்துவிடுமோ என்ற கவலை குளியலிடம் நடத்துகிறவர்களுக்கு இருக்கிறது. அதை அறியாமை என்று யாரும் தள்ளக் கூடாது. ஊற்றின் சூடும் வரத்தும் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு காலையும் கைவைத்துப் பார்க்கிறவர்கள் அவர்கள். அவர்கள் சொல்வதை முறையாகக் குறித்துவைத்தால் மின்நிலையத்துக்கும் அது உதவும்.

ஊர் திரும்பும் முன் தெற்கே சூஃப்ரியர் என்ற மீனவர் கிராமத்துக்குப் போனோம். தேவாலயத்துக்குப் பக்கத்தில், கடலோரத்திலேயே, மணலுக்கு அடியிலிருந்து சூடான நீரும் குமிழிகளும் வருகின்றன. அலை வந்து கலக்காமலிருக்கக் கற்களை வளையமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். முந்தைய இரவு கடல் கொந்தளித்ததில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. இரண்டு சிறுவர்கள் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நாங்களும் கல் எடுத்துக் கொடுத்தோம். மகள் உள்ளே இறங்கி, சூடு போதவில்லை என்றாள். பெரியவன் ஒரு பக்கத்து இடைவெளியைக் காட்டி, குளிர்நீர் அந்த வழியாகத்தான் வருகிறது, இன்னும் இரண்டு கல் வேண்டும் என்றான்.