400 என்று எழுதியிருந்தது

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட தச்சுப் பட்டறை இருக்கிறது. வாப்பா அங்கே கதவு, ஜன்னல், அலுமாரி செய்கிறார். ஒரு கதவுப் பலகையில் பூவும் கொடியும் உளியால் செதுக்க அவருக்கு மூன்று நாட்கள் எடுக்கும். கம்பியூட்டரில் வரைந்த படத்தின்படி தானாகவே செதுக்கும் சீ.என்.சீ. மெஷின் அதே வேலையை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடும். கடந்த வருடம் வாப்பா அப்படி ஒன்றை வாங்கினார். அதற்காக உம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின.

அந்த மெஷினில் செதுக்கும் அலகைச் சுழற்றும் மோட்டருக்கு ஸ்பிண்டில் என்று பெயர். எங்களுடையது 2.2 கிலோவாற்று வலுவுள்ளது. ஒரு கைக்குள் அடங்காத தடிப்பில் ஓர் உருக்கு உருளை. உள்ளே தண்ணீர் ஓடி அதன் சூட்டைத் தணிக்கும். அதை நேரே சுவர் பிளக்கில் செருக முடியாது. இடையில் வி.எப்.டி. என்ற பெட்டி ஒன்று வேண்டும். மோட்டருக்குப் போகும் மின்னின் மீடிறனை மாற்றி, அதன்மூலம் வேகத்தை மாற்றுவது அந்தப் பெட்டியின் வேலை.

அதைப் பொருத்திய நாளில் தேநீர்த் தட்டுடன் நான் பட்டறைக்குப் போனேன். வயரிங் வேலை செய்யும் நானா ஒருவர் நிலத்தில் குந்தியிருந்தார். வாப்பா, காக்கா, அயல் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் சுற்றி நின்றார்கள். ஸ்பிண்டிலில் ஒட்டியிருந்த சிறு தகடு என் கண்ணில் பட்டது. 220 வோல்ற்று, 8 அம்பியர், 400 ஹேர்ட்ஸ், நிமிடத்துக்கு 24,000 சுற்று என்று எழுதியிருந்தது. நமது வீடுகளுக்கு வரும் மின் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் என்பது எனக்குத் தெரியும். "ஏன் 400?" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். பெட்டியின் திரையில் 50 என்ற இலக்கம் மின்னிக்கொண்டிருந்ததையும் கண்டேன். வாயைத் திறக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஸ்பிண்டில் சுழன்றது. ஆனால் மெதுவாக, உறுமிக்கொண்டு சுழன்றது. இரண்டு தடவை பெட்டி தானாகவே அதை நிறுத்தித் திரையில் ஏதோ எழுத்துகளைக் காட்டியது. மூன்றாம் தடவை மின்னோட்டத்தின் எல்லையைக் கூட்டிவிட்டு ஓட்டினார்கள். சற்று நேரத்தில் வார்னிஷ் கருகும் மணம் குசினி வரை வந்தது. மோட்டரின் சுருள்கள் எரிந்துவிட்டன.

வாப்பா ஒன்றும் பேசவில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மூத்தவாப்பா தன் உளிகளையும் வாள்களையும் விட்டுவிட்டு வந்தவர். தில்லையடியில் இரவல் வாள் ஒன்றோடு தொழிலைத் திரும்பத் தொடங்கினார். ஆயுதம் கையை விட்டுப் போவது என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அன்றிரவு உம்மா தன் வெறுங்கையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

பௌதிகவியல் கொப்பியை எடுத்தேன். மோட்டரின் வேகத்தைக் காண, மீடிறனை 120 ஆல் பெருக்கி முனைவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இரண்டு முனைவுள்ள மோட்டருக்கு 50 ஹேர்ட்ஸ் கொடுத்தால் நிமிடத்துக்கு 3,000 சுற்று. களப்புக்கு அப்பால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாற்று மின்பிறப்பாக்கிகள் சுழல்வதும் அதே 3,000 வேகத்தில்தான். அந்தச் சுழற்சியே 50 ஹேர்ட்ஸாக நமது வீட்டுக் கம்பிகளில் வருகிறது. எங்கள் ஸ்பிண்டிலோ அதைப்போல் எட்டு மடங்கு வேகத்தில் ஓடப் பிறந்தது. ஆகவே அதற்கு 400 ஹேர்ட்ஸ் வேண்டும்.

மெதுவாக ஓடினால் என்ன கெடுதி? அதற்கும் கணக்கில் விடை இருந்தது. மோட்டருக்குள் உண்டாகும் காந்தப்பாயம், வோல்ற்றளவை மீடிறனால் வகுத்தால் வரும் பெறுமானத்தைப் பொறுத்தது. 220 ஐ 400 ஆல் வகுத்தால் 0.55. அப்படியானால் 50 ஹேர்ட்ஸில் அந்த மோட்டருக்குக் கொடுக்க வேண்டியது வெறும் 27.5 வோல்ற்று. நாங்கள் கொடுத்தது 220 வோல்ற்று, அதாவது எட்டு மடங்கு. அவ்வளவு காந்தப்பாயத்தை இரும்பு தாங்காது. அது நிரம்பியதும் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சுருளைச் சுடும். பெட்டி இரண்டு தடவை நின்று எங்களை எச்சரித்திருக்கிறது. எங்களுக்குத்தான் அதன் மொழி விளங்கவில்லை.

அந்த நானாவில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. அவர் வாழ்நாளில் தொட்ட தண்ணீர்ப் பம்புகளும் மின்விசிறிகளும் அரைக்கும் மெஷின்களும் 50 ஹேர்ட்ஸில் ஓடுபவை. கம்பிகளையும் அவர் சரியாகத்தான் பூட்டியிருந்தார். தகட்டில் இருந்த 400 ஐயும் திரையில் இருந்த 50 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் கண்டவள் நான்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். கொப்பியில் இருந்த கணக்கை நெடுநேரம் பார்த்தார். "தெரிஞ்ச விஷயமும் ஓர் அமானிதம்தான் மகள். அதை நீங்க அண்டைக்கு எங்கட கையில தந்திருக்கலாம்" என்றார். "எனக்கு நிச்சயமாத் தெரியாது வாப்பா" என்றேன். "நிச்சயம் இல்லாட்டி, கேள்வியாத் தந்திருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மூன்று மாதங்கள் கழித்து இன்னொரு ஸ்பிண்டில் வந்தது. இம்முறை பெட்டியுடன் வந்த ஆங்கிலக் கைந்நூலை நான் ஒரு வாரம் வாசித்தேன். அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அமைப்பையும் தமிழில் எழுதினேன். அதே நானாதான் வந்தார். வாப்பா என் தாளை அவரிடம் காட்டினார். அவர் சிரித்துவிட்டு, "நல்லது மகள். நீங்க வாசிங்க, நான் பூட்டுறன்" என்றார்.

முதலில் மெயின் சுவிச்சை நிறுத்தினோம். நிறுத்தியவுடன் பெட்டிக்குள் கை வைக்கக் கூடாது. வரும் ஆடலோட்டத்தை இருவாயிகள் நேரோட்டமாக மாற்றிக் கொள்ளளவிகளில் சேர்க்கின்றன. 230 வோல்ற்றின் உச்சப் பெறுமானம் ஏறக்குறைய 325 வோல்ற்று. மின்னை நிறுத்திய பிறகும் அது சிறிது நேரம் உள்ளே தங்கியிருக்கும். அந்த நேரோட்டத்தைத் திரான்சிற்றர்கள் ஒரு செக்கனுக்குள் ஆயிரக்கணக்கான தடவை வெட்டி, மூன்று அவத்தை மின்னாக மோட்டருக்கு அனுப்புகின்றன. இதைச் சொன்னபோது நானா கையை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பொறுத்திருந்தார்.

உப்புக்காற்றில் பழைய கம்பிகளின் நுனி கறுத்திருந்தது. அவற்றை வெட்டிப் புதுச் செம்பு தெரியச் சீவினார். சுவரிலிருந்து வரும் மின் R, T என்று குறித்த இடங்களுக்கு. மோட்டருக்குப் போகும் மூன்று கம்பிகள் U, V, W என்ற இடங்களுக்கு. இவை இடம் மாறி, சுவர் மின் U, V, W இல் ஏறினால் பெட்டி அந்த நொடியே பாழாகிவிடும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் நான் உரத்து வாசிக்க, அவர் திரும்பச் சொல்லிப் பூட்டினார். ஸ்பிண்டிலின் நாலாவது முனை ஏர்த் கம்பிக்கானது. மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தால் அந்த முனைக்கும் உருக்கு உடலுக்கும் தொடர்பே இல்லை! தண்ணீர் ஓடும் மோட்டருக்கு ஏர்த் இல்லாவிட்டால் தொடுபவருக்கு ஆபத்து. நானா வேறு கம்பி ஒன்றை உடலோடு இணைத்து ஏர்த் கொடுத்தார்.

பிறகு அமைப்புகள். அடிப்படை மீடிறன் 400. ஆகக் கூடிய மீடிறன் 400. ஆகக் குறைந்தது 120, ஏனென்றால் அதற்குக் கீழே ஸ்பிண்டில் வலுவிழந்து சூடாகும். வோல்ற்றளவு 220. மின்னோட்டம் 8 அம்பியர், அதற்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. முனைவுகள் 2. முழு வேகத்தை எட்ட 10 செக்கன். ஒவ்வொன்றையும் பதிந்த பின், தாளில் சரி போட்டேன்.

காக்கா தண்ணீர்ப் பம்பைப் போட்டார். குழாயில் தண்ணீர் திரும்பி வருவதைக் கண்ட பிறகு வாப்பா "பிஸ்மில்லாஹ்" சொல்லிப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். உறுமல் இல்லை. மெல்லிய சீழ்க்கை போல ஓர் ஒலி எழுந்து சீராக நின்றது. குறைந்த வேகத்தில் சில நிமிடங்கள் ஓடவிட்டு ஸ்பிண்டிலைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

வகுப்பில் ஆசிரியை கேள்வி கேட்கும்போது, விடை முழுவதும் நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே நான் கையை உயர்த்துவேன். என் தோழிகளில் பலரும் அப்படித்தான். பிழையாகச் சொல்லிவிட்டால் சிரிப்பார்களே என்ற பயம். அன்று பட்டறையில் "ஏன் 400?" என்று இரண்டு சொல் கேட்டிருந்தால், ஆகக் கூடியது என்ன நடந்திருக்கும்? யாராவது சிரித்திருப்பார்கள். சிரிப்புக்குச் செலவு கிடையாது.

உம்மாவின் ஒரு வளையல் திரும்பி வந்துவிட்டது. மற்றது இன்னும் அடகில் இருக்கிறது. பட்டறைக்குப் புதுச் சாமான் எது வந்தாலும், பெட்டியைப் பிரிக்க முன்னர் வாப்பா வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிடுகிறார்: "மகள், வந்து தகட்டை வாசிங்க."