பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற போர் விளையாட்டுகள்

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. ஹால் மூலையில் ஒரு கம்ப்யூட்டர். ஏதோ ஒரு ஆபீஸில் புது மெஷின் வாங்கியபோது கழித்துக் கட்டியதை, அப்பா சல்லிசாகப் பேசி வாங்கி வந்தது. கோர் 2 டுயோ, 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. ஆன் பண்ணிவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அதற்குள் திரை வந்திருக்கும். "அதை காயலான் கடையில போட்டா அந்த இடத்துல பீரோவை நகர்த்திக்கலாம்" என்பது அம்மாவின் வாராந்திரக் கோரிக்கை.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். அண்ணன் டிப்ளமோ முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. தம்பி பொன்னேரியில் பி.காம். அண்ணனுக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். அவன் தூங்கும்போது இவன் காலேஜில், இவன் தூங்கும்போது அவன் மெஷின் முன்னால். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. அண்ணன் தம்பி பேசிக்கொள்வதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

தம்பிக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்கு 2022 ஏப்ரலில் 'டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு கூடுதல் தொகுப்பு வந்தது. அதில் திராவிடர்கள் என்று ஒரு தனிப் படை உண்டு. ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு தனிப் படையெடுப்புக் கதையே உண்டு. உருமி வீசும் வீரன், திரிசடை என்ற போர்க்கப்பல்! சோழர் படையை நாமே நடத்தலாம் என்றால் யாருக்குத்தான் கை பரபரக்காது? ஆனால் அது ஓட 2019-ல் வந்த புதிய பதிப்பு வேண்டும். அதற்கு 64 பிட் விண்டோஸ் 10, குறைந்தது 4 ஜிபி ராம். போதாக்குறைக்கு, விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளமே 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. ஆக, ராஜேந்திரன் படை கங்கை வரை போனது, கடாரம் வரை போனது, கவரைப்பேட்டைக்கு மட்டும் வரவில்லை.

சரி, அப்படியானால் பழைய மெஷினில் என்னதான் ஓடும்? நிறையவே ஓடும்.

முதலில், அதே விளையாட்டின் 1999 பதிப்பு. பெட்டியில் போட்டிருந்த குறைந்தபட்சத் தேவை 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியம், 32 எம்பி ராம். நம் பழைய மெஷின் அதற்கு முன்னால் ராட்சசன். யாரிடமாவது பழைய சிடி இருந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள். விண்டோஸ் 7-ல் புல்தரை சிவப்பும் ஊதாவுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு விளையாட்டைத் திறந்தால் நிறம் சரியாகிவிடும்.

இது வாள் சண்டை விளையாட்டு என்று நினைத்தால் தோற்பது உறுதி. பெரும்பாலான படைகளுக்குக் கையில் தருவது 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல், மூன்று குடியானவர்கள், ஒரு குதிரை வீரன். இன்னொரு குடியானவரை உருவாக்க 50 உணவு, 25 வினாடி. அடுத்த யுகத்துக்குப் போக 500 உணவு. ஒரு கோட்டை கட்ட 650 கல். ஊர் மையம் 25 வினாடி சும்மா இருந்தால் ஒரு ஆள் நஷ்டம். சந்தையில் மரத்தை விற்க விற்க அதன் விலை இறங்கும், கமிஷன் வேறு 30 சதவீதம். பி.காம். முதல் வருஷத்தில் வாய்ப்புச் செலவு புரியாதவர்கள் இதை நாலு நாள் ஆடினால் போதும். சண்டை தொடங்குவதற்கு முன்பே கணக்குப் புத்தகத்தில் வெற்றி தோல்வி முடிவாகிவிடுகிறது.

அடுத்தது 1996-ல் வந்த 'ரெட் அலர்ட்'. டாங்கி, விமானம் என்று நவீனப் போர். 2008-ல் அந்தக் கம்பெனியே இதை இலவசமாக விட்டுவிட்டது. அவசரக்காரர்களுக்கு ஏற்றது. பொறுமைசாலிகளுக்கு 'ஃப்ரீசிவ்' இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய இலவச விளையாட்டு. கற்காலத்தில் தொடங்கி விண்கலம் வரை போகலாம்.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால், அது 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. 2003-ல் டேவிட் வைட் என்பவர் தொடங்கியது, முழுக்க இலவசம். பழைய மெஷினுக்குக் கொஞ்சம் பழைய பதிப்பைத் தேடிப் போடுங்கள். அறுகோணக் கட்டங்கள், சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆட்டம். சில வீரர்களுக்குப் பகலில் பலம் அதிகம், சிலருக்கு இரவில். ஒவ்வொரு வீரனுக்கும் ஒவ்வொரு முறையும் சம்பளம் உண்டு. பிடித்து வைத்திருக்கும் கிராமங்கள் தாங்கும் அளவுக்கு மேல் ஆள் சேர்த்தால் கஜானாவில் தங்கம் கரையும். முக்கியமான விஷயம், ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம்.

அந்த வீட்டில் நடந்ததும் அதுதான். தம்பி தன் முறையை ஆடி, சேவ் செய்துவிட்டுக் காலேஜ் போவான். அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து அவன் முறையை ஆடிவிட்டுப் படுப்பான். அண்ணன் எடுத்தது ஆர்க் படை. இரவில்தான் அதற்குப் பலம். "நைட் ஷிப்ட்காரனுக்கு இதான்டா செட் ஆகும்" என்றான். ஒரு நாளைக்கு ஒரு முறை, ஒரு போர் ஒரு மாதம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பேச்சு வார நாட்களுக்கும் வந்தது.

ஒரே ஒரு குறை. மதர்போர்டில் இருக்கும் காசு பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். தம்பி ஒரு சனிக்கிழமை ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு புது பேட்டரியும், செகண்ட் ஹேண்டில் இன்னொரு 2 ஜிபி ராமும் வாங்கி வந்து மாட்டினான். மெஷின் சுறுசுறுப்பானது. கடிகாரமும் சரியானது.

அடுத்த வாரம் அண்ணனுக்குக் காலை ஷிப்ட். ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை. சேவ் செய்த ஆட்டங்களின் பட்டியலில் பக்கத்திலேயே நேரமும் வரும். திங்கள், காலை 11.20. செவ்வாய், காலை 10.50. புதன், காலை 11.35.

தம்பி அன்று ராத்திரி மொட்டை மாடியில் கேட்டான். "அண்ணா, பதினோரு மணிக்கு எப்படி ஆடினே?"

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். "கான்ட்ராக்டைப் புதுப்பிக்கலைடா. மூணு வாரம் ஆச்சு. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. காலையில கிளம்பி ரெண்டு மூணு கம்பெனி கேட்ல நின்னு கேட்டுட்டு, வீட்டுக்கு வந்துடுவேன்."

மூன்று வாரம் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பியிருக்கிறான்! கையில் இருந்த சேமிப்பிலிருந்து வீட்டுக்குப் பணமும் கொடுத்திருக்கிறான். தம்பி ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தான். வீட்டு வரவு என்ன, செலவு என்ன, அண்ணன் சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும்? இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினார்கள். இரண்டரை மாதம் தாங்கும் என்று வந்தது. அந்தக் காகிதத்தோடுதான் அப்பாவிடம் போனார்கள். அப்பா கணக்கை இரண்டு முறை பார்த்தார். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா மூணு வாரம் பஸ் காசாவது மிஞ்சியிருக்குமே" என்றார். அவ்வளவுதான் திட்டு.

ஒன்றரை மாதத்தில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. அதுவும் கான்ட்ராக்ட்தான். அந்த நோட்டு மட்டும் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருக்கிறது, மாதாமாதம் எழுதுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மெஷின் தூசி தின்றுகொண்டிருந்தால், காயலான் கடைக்குப் போடும் முன் மூன்று காரியம் செய்து பாருங்கள். ஃபேனில் இருக்கும் தூசியைத் தட்டுங்கள். காசு பேட்டரியை மாற்றுங்கள். முடிந்தால் ராம் ஏற்றுங்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டதால், நெட்டில் இணைக்காமல் வேறு மெஷினில் இறக்கி, வைரஸ் பார்த்துவிட்டு, பென் டிரைவில் கொண்டு வாருங்கள். பிறகு வெஸ்நாத்தைப் போட்டு, வீட்டில் யாரோடு பேசி நாளாகிறதோ அவரை எதிரிப் படைக்குத் தலைவராக்குங்கள்.

அம்மா இன்னும் காயலான் கடை என்றுதான் சொல்கிறார். ஆனால் தினமும் அதைத் துடைத்து வைப்பதும் அவர்தான்.