ஒன்றரை இலட்சம் செடிகள் நிற்கும் குன்று

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கிலே, சார்லா நகருக்கு அண்மையில், தோர்தோஞ் ஆற்றின் கரையில் நீண்டுயர்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றின்மேல் மார்க்கெசாக் பூங்கா அமைந்துள்ளது. பூங்கா என்றதும் பன்னிற மலர்களை எதிர்பார்த்துச் செல்வோர் சற்றுத் திகைப்பர். இங்கே மலர் சிறிது, பசுமையே பெரிது. 22 ஹெக்டேயர் பரப்பிலே ஏறக்குறைய 150,000 பொக்ஸ் செடிகள் நிற்கின்றன. ஆட்டு மந்தையொன்று முதுகோடு முதுகு நெருங்கிப் படுத்திருந்தாற்போல் அவை உருண்டு திரண்டு காட்சி தருகின்றன. ஆறு கிலோமீற்றர் வரை நீளும் நடைபாதைகளில் உலாவிக் குன்றின் விளிம்பை அடைந்தோமாயின், 130 மீற்றர் கீழே ஆறு வளைந்தோடுவதைக் காண்கின்றோம்.

இச்செடிகளில் பெரும்பாலானவற்றை நடுவித்தவர் ஜூலியன் த செர்வால் என்பவர். 1861 இல் இந்நிலத்துக்கு உரியவரான அவர், இத்தாலியப் பூங்காக்களில் பேரீடுபாடு கொண்டவர். தம் வாழ்நாளின் எஞ்சிய காலத்தை இக்குன்றுக்கே ஈந்தார் எனலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலோ பராமரிப்புக் குன்றியது. கத்தரிக்கோல் படாத செடிகள் மனம்போனபடி வளர்ந்தன; பாதைகள் மறைந்தன. 1996 இல் தொடங்கிய சீரமைப்பே பழைய உருவத்தை மீட்டளித்தது.

என்றும் பசுமை மாறாத பொக்ஸ் செடி வளர்ச்சியிலே மிக மந்தமானது. ஓராண்டில் ஒரு சாண் உயர்வதே அரிது. அதனாலேயே அதன் மரம் செறிவுமிக்கது. பச்சையாக வெட்டி நீரிலிட்டால் மூழ்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சஞ்சிகைகளில் வெளிவந்த சித்திரங்கள் பல இம்மரத்துண்டுகளிற் செதுக்கப்பட்ட அச்சுகளால் பதிக்கப்பட்டவையே என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இதனை வளர்ப்பதற்கு வித்தை ஏதும் வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே வேண்டும். கோடை இறுதியில் விரல் நீளக் கிளைகளை வெட்டி மணற்பாங்கான மண்ணில் நட்டால், சில மாதங்களில் வேர்விடும். சுண்ணாம்புச் சத்துள்ள, நீர் தேங்காத நிலம் இதற்கு உகந்தது. சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணத்தவராகிய எமக்குப் புதிதன்று. ஆயினும் இச்செடி குளிர்நாட்டுக்கே உரியது. வேர்கள் மேலோட்டமாகப் படர்வதால் அடியிலே கொத்துதல் ஆகாது. இலைச்சருகைப் பரப்பி ஈரத்தைக் காத்தல் வேண்டும். கடும் வெயிலில் கத்தரித்தால், உள்ளே நிழலில் இருந்த தளிர்கள் கருகிவிடும். மழையில் கத்தரித்தாலோ பூஞ்சண நோய் பரவும். ஆதலால் மழையற்ற, மேகம் மூடிய நாளே கத்தரிப்புக்கு ஏற்றது. மார்க்கெசாக்கில் இவ்வேலை இன்றும் கையினாலேயே செய்யப்படுகின்றது.

நோயினும் கொடிய பகை ஒன்று அண்மைக்காலத்தில் வந்து சேர்ந்துள்ளது. கிழக்காசியாவைச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சி, வாணிபச் செடிகளோடு ஐரோப்பாவினுட் புகுந்தது. 2007 இல் ஜேர்மனியிலே அது முதன்முதலாக அறியப்பட்டது. கரிய கோடுகளையுடைய அதன் பச்சைப் புழுக்கள் இலைகளை நூலாற் பின்னிக்கொண்டு தின்னும். இலை தீர்ந்தால் பட்டையையும் அரிக்கும். 2014 ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகளுக்காக ரஷ்யாவின் சோச்சி நகரை அழகுபடுத்தக் கொண்டுவந்த செடிகளோடு 2012 இல் அது அங்கும் சென்றது. சில ஆண்டுகளுக்குள் அருகிலிருந்த மலைக்காடுகளில் தொன்றுதொட்டு நின்ற பொக்ஸ் சோலைகள் பட்டுப்போயின. அழகுக்கென்று வந்த செடி காட்டுக்கே கேடாயிற்று!

ஆண் பூச்சிகளை மணத்தால் ஈர்க்கும் பொறிகளும், புழுக்களின் குடலைத் தாக்கும் பக்டீரியாக் கலவையும் இன்று தோட்டக்காரரின் கருவிகளாகும். ஆயினும் இவை யாவும் தக்க தருணத்தில் பயன்பட வேண்டுமாயின், ஒருவர் குனிந்து இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேயாக வேண்டும். முட்டைகள் அங்கேதான் இருக்கும்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்த செடி ஒரே கோடையில் வெறுங்குச்சியாகலாம். நட்டவரின் பெயர் நூல்களில் நிற்கின்றது. கத்தரித்தும் நோய் பார்த்தும் வந்தோரின் பெயர்கள் எங்கும் இல்லை. குன்று இன்று பசுமையாக நிற்பது அவர்களால் என்பதை அங்கு உலாவுவோர் எண்ணிப் பார்த்தல் தகும். முன்னோர் வைத்த மரமொன்றேனும் தம் வளவில் நிற்கக் காண்போர் இதனை எளிதில் உணர்வர்.