காகம் வராத அமாவாசை

அப்பா போன பிறகு வந்த முதல் ஆடி அமாவாசையன்று அம்மா சமையலறைச் சன்னல் விளிம்பில் ஒரு துண்டு இலை போட்டுச் சோறு வைத்தார். உட்லண்ட்ஸ், வீவக புளோக், பதினோராம் மாடி. காகம் வருவதற்குள் அவரே இலையை எடுத்துவிட்டார். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வனவிலங்குச் சட்டப்படி 2020 ஜூனிலிருந்து இங்கே எந்தக் காட்டுப் பறவைக்கும் தீனி போடக்கூடாது. முதல் தடவை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம்.

"உங்கப்பா கணக்குப் பாக்குற ஆளு. அஞ்சாயிரம் வெள்ளிச் சோத்தத் தின்ன மாட்டாரு" என்றார் அம்மா. இலை அப்பாவின் படத்துக்கு முன்னால் போனது.

இத்தனைக்கும் மலாயாவுக்கு இந்தக் காகங்கள் வந்ததும் நம் ஆட்களைப் போலத்தான். நூற்றிருபது வருஷங்களுக்கு முன்னால், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். புழு போன பிறகும் காகம் இருந்துவிட்டது.

அடுத்த மாதம் நான் ஒரு டாரட் கட்டு வாங்கினேன். 78 சீட்டு, எல்லாவற்றிலும் காகம். ராஜா காகம், ராணி காகம், வாள் மேல் உட்கார்ந்த காகம். கறுப்பு, சாம்பல், அங்கங்கே கொஞ்சம் ரத்தச் சிவப்பு. ஐரோப்பியக் கதைகளில் அது போர்க்களத்துப் பறவை, சாவின் பறவை. அந்தப் பயத்தை நம்பித்தான் இப்படிக் கட்டுகள் விற்கின்றன. எனக்குப் பயம் வரவில்லை. எங்கள் வீட்டில் காகம் என்றால் தாத்தா. இப்போது அப்பா.

டாரட் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் சீட்டாட்டமாகத்தான் இருந்தது. குறி பார்ப்பது பிறகு வந்தது. இன்று பெரும்பாலான கட்டுகள் பின்பற்றும் படங்களை 1909இல் லண்டனில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். அவருடைய 'நட்சத்திரம்' சீட்டில் மரத்தின் மேல் ஒரு பறவை இருக்கும். நாணயங்கள் ஒன்பதில் கண் மூடிய வல்லூறு. அங்கே பறவை சீட்டுக்குள் இருக்கிறது. நம் ஊர் வழக்கத்தில் பறவை வெளியே நின்று சீட்டை எடுக்கிறது.

தேக்காவுக்குப் போகும்போதெல்லாம் சிராங்கூன் ரோட்டுக் கிளி ஜோசியர் முன்னால் அப்பா நின்றுவிடுவார். 2010 உலகக் கோப்பைச் சமயத்தில் அங்கே இருந்த மணி என்ற கிளி உலகப் புகழ் பெற்றது. காலிறுதி நான்கையும் சரியாகச் சொன்ன மணி, இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து சீட்டை எடுத்தது. ஜெயித்தது ஸ்பெயின். "அது என்னா பண்ணும் பாவம், சீட்டுதான எடுத்துச்சு" என்று அப்பா கிளிக்குப் பரிந்து பேசினார். கிளி எடுத்தால் அப்படி ஒரு வசதி. டாரட்டில் கை என்னுடையது.

நான் கேட்டது ஒரே கேள்வி. அப்பா இறப்பதற்கு முந்தின வாரம், "வாட்டர்ஃப்ரண்ட் வரைக்கும் நடந்துட்டு வரலாமா?" என்று கேட்டார். "அடுத்த வாரம்ப்பா" என்றேன். அவர் மட்டும் போனார். அந்த வருத்தத்தோடுதான் போய்ச் சேர்ந்தாரா?

முதல் சீட்டு பிடிக்கவில்லை. கலைத்து மறுபடி எடுத்தேன். அதுவும் சரியில்லை. மூன்றாவது முறை ஏதோ நல்ல சீட்டு வந்ததும் கட்டை மூடி வைத்தேன். பிறகு அசிங்கமாக இருந்தது. அப்பாவிடம் நான் எதையும் கேட்கவில்லை, மன்னிப்பு வரும்வரை சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஊரில் அப்பாயி கருமாதி நினைவுக்கு வந்தது. சோறு வைத்து வெகுநேரம் ஆகியும் காகம் இறங்கவில்லை. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "கெழவிக்கு என்னமோ மனக்குறை" என்றது ஒரு குரல். யார் யாரோ ஏதேதோ சொன்னார்கள். கடைசியில் பெரியப்பா வானத்தைப் பார்த்து, "சின்னவ கல்யாணத்த நான் முடிச்சு வைக்கிறேம்மா" என்று சத்தமாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒரு காகம் இறங்கியது. அதற்காக இறங்கியதா, தெரியாது. ஆனால் பெரியப்பா சொன்னதை ஊரே கேட்டுவிட்டது. சின்ன அத்தைக்கு அடுத்த தையில் கல்யாணம்.

காகம் உடனே வந்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். எங்கள் சன்னலில் இலையை எடுத்தபோது போனது அந்தக் காத்திருப்பு. நான் சீட்டை மாற்றி மாற்றி எடுத்ததும் காத்திருக்கத் தெரியாமல்தான்.

இப்போது அமாவாசைக்கு ஒரு சீட்டு மட்டும் எடுக்கிறேன். மாற்றுவதில்லை. போன மாதம் கிண்ணங்கள் ஐந்து வந்தது. மூன்று கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது, காகம் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறது, முதுகுக்குப் பின்னால் இரண்டு கிண்ணம் நிமிர்ந்து நிற்கிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பின்னாடி ரெண்டு இருக்கே, இந்தக் காக்கா திரும்பிப் பாக்காதா?"

அந்த நடையைப் பற்றி அன்றுதான் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"வாட்டர்ஃப்ரண்டா? நீ வரலைன்னதும் காப்பிக்கடையில மஞ்சக் கோட்டுக்குள்ள உக்காந்து சிகரெட் புடிச்சிட்டு வந்தாருடி. சட்டையெல்லாம் நாத்தம். ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

விட்டுவிட்டேன் என்று என்னிடமும் சத்தியம் செய்திருந்தார்.