நிற்கத் தெரிந்த கார்

கார் ஆர்வலர்கள் நாலு பேர் கூடினால் முதலில் எழும் கேள்வி, "எத்தனை குதிரைச் சக்தி?" என்பதுதான். அடுத்த கேள்வி, "நூறைத் தொட எத்தனை விநாடி?" நூறிலிருந்து நிற்க எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்பவரை நான் அதிகம் சந்தித்ததில்லை. நம் தாமான்களில் வாசலுக்கு வாசல் நிற்பவை டர்போ இல்லாத சாதாரண 1.3, 1.5 லிட்டர் கார்கள். அவற்றுக்குச் செலவழிக்கக் கையில் கொஞ்சம் காசு வந்தாலும், அது முதலில் புகைபோக்கிக் குழாய்க்கும் பளபளக்கும் ரிம்முக்கும்தான் போகிறது.

எனக்கு இந்தக் கேள்வி வேறு வழியாக வந்தது. காலை நிகழ்ச்சியின் நடுவே சாலை நிலவரம் வாசிப்பது என் வேலைகளில் ஒன்று. "கராக் நெடுஞ்சாலையில் விபத்து, வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன" என்பதைச் சொல்ல ஐந்து விநாடி போதும். சொன்ன கையோடு அடுத்த பாடலுக்குப் போய்விட வேண்டும். பத்து வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். என் தங்கைக்கு ரவுப்பில் ஆசிரியர் பணி கிடைத்த பிறகு, அந்த ஐந்து விநாடி நீளமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை அவள் கோலாலம்பூருக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புவாள். இரண்டு முறையும் கெந்திங் செம்பா மேட்டைத் தாண்ட வேண்டும். மழை, வளைவு, இறக்கம், பின்னால் பாரம் ஏற்றிய லாரி என எல்லாம் சேர்ந்து வரும் பாதை அது.

நான் ஓட்டிக்கொண்டிருந்த 2013 மைவி 1.5 அவளுக்கு என்று வீட்டில் முடிவானது. கொடுப்பதற்கு முன் அதைச் சீர்படுத்த 2,500 ரிங்கிட் ஒதுக்கினேன். உடனே வீட்டில் ஒரு மாநாடு கூடிவிட்டது. மாமா மகனுக்கு 24 வயது, கார் பைத்தியம். "அண்ணே, எக்ஸாஸ்ட் மாத்துங்க, ஸ்பிரிங்கை ஒரு சுத்து வெட்டி இறக்கிடுங்க. காடி சும்மா கும்முன்னு உட்காரும்" என்றான். அம்மாவோ, "இருக்கிற காருக்கு என்ன குறை? அந்தக் காசைத் தங்கச்சி கையில கொடு, வீட்டு வாடகைக்கு ஆகும்" என்றார். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுக்கு அது முதல் வேலை. புது ஊரில் முன்பணம், மேசை, மெத்தை என்று ஒவ்வொன்றுக்கும் காசு வேண்டும். காருக்குள் போடும் ஒவ்வொரு ரிங்கிட்டும் அவளுக்கு உண்மையிலேயே உதவுமா என்று கேட்டுக்கொண்டுதான் பட்டறைக்குப் போனேன்.

எங்கள் வட்டாரத்துப் பட்டறை அண்ணன் காரைத் தூக்குவதற்கு முன் டயரைத்தான் பார்த்தார். "தம்பி, டயரை மாத்தாம பிரேக்கை மாத்தறது, செருப்பு தேஞ்சவனுக்கு முட்டியில தைலம் தடவுற மாதிரி."

அவர் சொன்னது பௌதிகம். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிமானம். உள்ளங்கை அளவு ரப்பர் நான்கு, ஒரு டன் எடையுள்ள வண்டியைப் பிடித்து வைத்திருக்கின்றன. முழு பலத்தோடு மிதித்தால் சாதாரண காரின் பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும். பூட்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஏபிஎஸ் இருக்கிறது. அப்படியானால், எவ்வளவு பெரிய டிஸ்க்கைப் போட்டாலும் ஒரே ஒரு அவசர நிறுத்தத்தில் தூரம் பெரிதாகக் குறையாது. டயரின் பிடிமானம் எங்கே முடிகிறதோ, அங்கே பிரேக்கின் வேலையும் முடிகிறது.

என் டயரில் பூ இன்னும் மிச்சமிருந்தது. சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். அதற்கு மேலேயே இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணை அண்ணன் வாசித்துக் காட்டினார். முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த ஆண்டு. "2317" என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. வயதானால் ரப்பர் இறுகிவிடும். ஈரச் சாலையில் அந்த இறுக்கம் வழுக்கலாகத் தெரியும். நான்கும் மாறின. என் ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது.

அடுத்தது பிரேக். மாமா மகன் கைப்பேசியில் ஆறு பிஸ்டன் கொண்ட பெரிய பிரேக் தொகுதியைக் காட்டிக்கொண்டிருந்தான். சிவப்பு நிறம், பார்க்க அழகுதான். அது எதற்கு என்று தெரிந்துகொண்டால், யாருக்கு என்பதும் தெரிந்துவிடும்.

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. வேகத்தின் ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும். 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 110இலிருந்து நிறுத்த ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெப்பத்தைப் பிரேக் விழுங்க வேண்டும். பந்தயத் தடத்தில் ஒவ்வொரு வளைவிலும் இது நடக்கும். வெப்பத்தை வாங்கிக்கொள்ளவும் வெளியே தள்ளவும் அங்கே பெரிய டிஸ்க் வேண்டும். நம் அன்றாடப் பயணத்தில் இப்படிச் சூடேற ஓர் இடம்தான் உண்டு: மலை இறக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 மீட்டர் உயரம் இறங்கும் கார் கரைக்க வேண்டிய ஆற்றல், 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மூன்று முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் இன்ஜினும் ஒரு பங்கைத் தாங்கும், மிச்சமெல்லாம் பிரேக்குக்குத்தான். கெந்திங் உச்சி 1,700 மீட்டருக்கும் மேல். காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு அங்கிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இங்கேதான் யாரும் கவனிக்காத ஒரு பொருள் வருகிறது: பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140. டாட் 4 வகைக்கு இவை 230, 155. எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். அதனால் பெடல் தரைவரை இறங்கும்; பிரேக் பிடிக்காது. இத்தனைக்கும் மருந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதுதான். எங்களுக்கு ஆன செலவு கூலியோடு 80 ரிங்கிட். டாட் 3 கேட்கும் காரில் டாட் 4 ஊற்றலாம். ஆனால் சிலிக்கான் வகையான டாட் 5ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

முன் டிஸ்க்குகள் தேய்ந்து விளிம்பில் வரப்புக் கட்டியிருந்தன. குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்தால் எல்லையில் நின்றது. அதே அளவில் புது டிஸ்க்கும், வெப்பத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் சாலைத் தர பிரேக் பேடும் போட்டோம். பந்தயத் தர பேடு வேண்டாம் என்றார் அண்ணன். அது சூடானால்தான் பிடிக்கும். காலையில் தாமானை விட்டு வெளியேறும்போது பள்ளிப்பிள்ளை குறுக்கே ஓடி வந்தால், சூடேறும்வரை காத்திருக்க முடியுமா?

பின் சக்கரத்தில் இருப்பது டிரம். "அதையும் டிஸ்க்கா மாத்திடலாமே?" என்றான் மாமா மகன். மாற்றலாம். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் பலம் எந்த விகிதத்தில் போக வேண்டும் என்று காரை வடிவமைத்தவர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பங்கு வேலையை முன் சக்கரங்களே செய்கின்றன. பின்னால் பிடி கூடிப்போனால், ஈரமான வளைவில் காரின் வால் வெளியே வீசும். கைபிரேக், மாஸ்டர் பம்பு எல்லாவற்றையும் அதற்கேற்பப் பார்க்க வேண்டிவரும். நாங்கள் டிரம்மைச் சுத்தம் செய்து, தேய்ந்த ஷூவை மட்டும் மாற்றினோம்.

கடைசியாக அப்சார்பர். இது சொகுசுக்கான சாமான் என்றுதான் பலரும் நினைக்கிறோம். டயரைச் சாலையோடு ஒட்ட வைத்திருப்பதே அதன் முதல் வேலை. தேய்ந்த அப்சார்பர் உள்ள காரில் சக்கரம் மேடுபள்ளத்தில் துள்ளும். துள்ளும் அந்த நொடியில் டயருக்குப் பிடிமானம் இல்லை, ஆகவே பிரேக்கும் இல்லை. எண்ணெய்க் கசிவு, டயரில் அலை அலையாகத் தேய்மானம், பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவது, வேகத்தடையைத் தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே போவது ஆகியவை அதன் அறிகுறிகள். எங்கள் காரில் முதலும் கடைசியும் இருந்தன.

ஸ்பிரிங் வெட்டும் யோசனைக்கு அண்ணன் சிரித்தபடியே பதில் சொன்னார்: "வெட்டின ஸ்பிரிங் இறுகிப்போகும், அசைய இடமும் இருக்காது. பெரிய குழியில சக்கரம் கீழ தொங்கினா, ஸ்பிரிங் உட்கார்ற இடத்தை விட்டே நழுவலாம். தங்கச்சி ஓட்டப் போற காடியா, இல்ல படம் பிடிக்கிற காடியா?" மாமா மகன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

இறுக்கமாக இருந்தால் நல்லது என்பதும் பொதுவிதி இல்லை. வழவழப்பான தடத்துக்கு இறுக்கம் சரி. ஒட்டுப்போட்ட சாலையில் மிகவும் இறுகிய அப்சார்பர் சக்கரத்தைத் தூக்கியடிக்கும். அதனால் தொழிற்சாலைத் தரத்திலேயே நான்கு அப்சார்பர், மேல் மவுண்ட், விரிசல் விட்ட புஷ் இவற்றை மாற்றி, அலைன்மென்ட் செய்தோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல், முன்னாலோ பின்னாலோ இணை இணையாக மாற்றுவது முக்கியம்.

காரின் கட்டமைப்பையே மாற்ற நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். வேலையைத் தொடங்கும் முன் ஜேபிஜேயிடம் அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லி வையுங்கள். விபத்துக்குப் பிறகு இழப்பீடு கோரும்போது எழும் கேள்விக்கு அப்போது பதில் தேட முடியாது.

கணக்கு 2,500 ரிங்கிட்டைச் சற்றே தொடாமல் முடிந்தது. வெளியே பார்த்தால் எந்த மாற்றமும் இல்லை. அம்மா காரைச் சுற்றி வந்து, "காசு போட்டது எங்கேப்பா தெரியுது?" என்று கேட்டார். அவரை முன் இருக்கையில் உட்காரவைத்து ஒரு சுற்று போய்வந்தேன். தாமான் வேகத்தடைகளைத் தாண்டியபோது, "இடுப்பு வலிக்கல" என்றார். அம்மாவிடமிருந்து அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது.

ஆனால் பொருளை மாற்றியதோடு வேலை முடியவில்லை. ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத திறந்த வாகன நிறுத்துமிடத்துக்குத் தங்கையை அழைத்துப் போனேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, முழு பலத்தோடு மிதிக்கச் சொன்னேன். முதல் முறை ஏபிஎஸ் வேலை செய்து பெடல் கடகடவென்று அதிர்ந்ததும், பயந்து காலை எடுத்துவிட்டாள். "அண்ணா, ஏதோ உடைஞ்சிருச்சு!" உடையவில்லை, அதுதான் அதன் குரல், அழுத்தியே வைத்திரு என்றேன். ஐந்தாவது முறை காலை எடுக்கவில்லை. காரின் முழு பிரேக் பலத்தை ஒரு நாளும் உணராமலே பல வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. அவசரத்தில்தான் அதை முதன்முதலாகச் சந்திக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பிறகு அவளுக்கு இரண்டே விதி சொன்னேன். இறக்கத்தில் கியரைக் குறைத்து, இன்ஜினே காரைப் பிடிக்கும்படி விடு. பிரேக்கை அவ்வப்போது அழுத்தி எடு, தேய்த்துக்கொண்டே போகாதே. இரண்டாவது, இடைவெளி. 90இல் போகும் கார், கால் பிரேக்கைத் தொடுவதற்கு எடுக்கும் ஒரு விநாடியிலேயே 25 மீட்டர் ஓடிவிடும். எந்தக் கடையிலும் அந்த 25 மீட்டரைக் குறைக்கும் சாமான் விற்பதில்லை.

மெத்தைக்கும் மேசைக்கும் அம்மா தன் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தார். ஞாயிறு மாலை மழை பிடித்தால் இன்னமும் அவர் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருக்கிறார். அந்தக் கவலையைத் தீர்க்க எந்தப் பட்டறையாலும் முடியாது. தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஊருக்குக் கிளம்பும் முன், உங்கள் பட்டறையில் நான்கு கேள்வி கேளுங்கள்: டயருக்கு என்ன வயது, பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாறியது, பேடும் டிஸ்க்கும் எவ்வளவு மிச்சம், அப்சார்பர் கசிகிறதா. பதில் வாங்க அரை மணி நேரம் போதும்.