வரிசையில் நின்றவர்

என் ஹார்ட் டிஸ்க்கில் ‘கஜா’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. 412 படங்கள். எல்லாம் 2018 நவம்பர் 24, சனிக்கிழமை, ஒரே நாளில் எடுத்தவை. அதில் மூன்று படங்களை மட்டும் நான் யாருக்கும் காட்டியதில்லை. அந்த ஃபோல்டரிலேயே நன்றாக வந்திருக்கும் படங்கள் அவைதான்.

நான் முறையாகப் படம் எடுக்கக் கற்றவன் இல்லை. வேலை சாஃப்ட்வேர், வீடு மதுரை காளவாசல். எங்கள் பக்கத்தில் செங்கல் சூளைக்குக் காளவாசல் என்று பேர். ஊர்ப் பெயரில் மட்டும் சூளை மிச்சமிருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த காலத்தில் அங்கே புகைந்ததெல்லாம் பைபாஸ் ரோட்டு வண்டிகள்தான். அரியர்ஸ் பணம் வந்த வருஷம் ஒரு நிக்கான் வாங்கினேன். ஆனைமலையில் விடியற்காலை, சித்திரைத் திருவிழாவில் ஆற்றுக்குள் நிற்கும் ஜனம், அப்போது புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவேன். ஃபேஸ்புக்கில் நாற்பது லைக் விழும். அதுக்கு மேல் ஆசையும் இல்லை.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. மதுரையில் இருந்த எங்களுக்கு அது ஒரு நாள் லீவு, கொஞ்சம் காற்று, கொஞ்சம் மழை. மூன்றாம் நாள்தான் படங்கள் வர ஆரம்பித்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாததால் குடிதண்ணீர் இல்லை.

எங்கள் ஏரியாவில் ஒரு சபை உண்டு. அதன் வாலிபர் சங்கச் செயலாளர் எனக்கு டீக்கடைப் பழக்கம். நான் அந்தச் சபைக்காரனும் இல்லை, அந்த மதத்துக்காரனும் இல்லை. “அண்ணே, வெள்ளிக்கிழமை ராத்திரி கெளம்புறோம். ஒரு வேன், ஒரு டாட்டா ஏஸ். நீங்க வந்து போட்டோ மட்டும் எடுத்துக் கொடுங்க, போதும்” என்றார். அந்த ‘மட்டும்’ எனக்குப் பிடித்திருந்தது. மூட்டை தூக்க வேண்டாம். என் பொழுதுபோக்கு ஒரு நல்ல காரியத்துக்கு உதவுகிறது என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி, அறந்தாங்கி. அதற்கப்புறம் இருட்டிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஒரு வீட்டில்கூட வெளிச்சம் இல்லை. ரோட்டோரத்தில் மின்கம்பங்கள் முழங்கால் மடித்த மாதிரி கிடந்தன. இரண்டு இடத்தில் ஊர்க்காரர்கள் வேனை மறித்தார்கள். கொஞ்சம் மெழுகுவத்தி, பிஸ்கட் கொடுத்துவிட்டு நகர்ந்தோம். மெயின் ரோட்டு ஊர்களுக்கு ஒரே நாளில் நாலு வண்டி வந்துவிடுகிறது, உள்ளே இருக்கிற ஊர்களுக்கு ஒன்றுகூடப் போவதில்லை என்று ஆயர் விசாரித்து வைத்திருந்தார். அதனால் பேராவூரணி தாண்டி, கடலுக்கு முன்னால், உள்ளடங்கிய ஒரு ஊருக்குப் போனோம். ஊர் பேரை எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

விடிந்ததும் ஊர் பொதுச்சாவடி முன்னால் பேனரைக் கட்டினார்கள். வீட்டுக்கு ஒரு தார்ப்பாய், ஐந்து கிலோ அரிசி, மெழுகுவத்தி, கொசுவத்தி. ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். செயலாளர் என்னிடம் வந்து, “குடுக்கிற கையி, வாங்குறவங்க முகம், பின்னாடி பேனரு. மூணும் ஒரே போட்டோல வந்துறணும்ணே” என்றார். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நிவாரண லாரியில் கட்சிக் கொடி இருந்தது, ரசிகர் மன்றப் பேனர் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் என் அலுவலகம் நடத்திய மரம் நடு விழாவில் மரக்கன்றைவிட எங்கள் டி-ஷர்ட் லோகோதான் படத்தில் பெரிசு. ஊரே அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு மேடான இடம் பார்த்து நின்றுகொண்டு, தொடர்ச்சியாகச் சுடும்படி கேமராவை வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெரியவர் பதினைந்து இருபது பேருக்குப் பின்னால் வந்தார். எழுபது வயதிருக்கும். சட்டை இல்லை, தோளில் துண்டு. 0187-ல் இரண்டு கையையும் நீட்டுகிறார். 0188-ல் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். 0189-ல் ஒரு கை பின்னால் போய்விட்டது, இன்னொரு கை துண்டை முகத்துக்கு இழுக்கிறது. நீட்டிய தார்ப்பாய் மட்டும் நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த நொடி அவர் வரிசையைவிட்டு விலகி, நடந்து போய்விட்டார்.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேமரா ஸ்கிரீனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணில் ஃபோகஸ் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழுந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது.

எங்களோடு வந்தவர்களில் பள்ளிக்கூட டீச்சர் ஒரு அக்கா இருந்தார். “அந்தப் பெரியவர் ஏன் வாங்காமப் போறாரு?” என்றார். தெரியலை என்று தோளைக் குலுக்கினேன். அவர் தார்ப்பாயையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். கால் மணி நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

“அவருக்கு ரெண்டு ஏக்கர் தோப்பு தம்பி. போன வாரம் வரைக்கும் அவர்தான் நாலு பேருக்குச் சம்பளம் குடுத்துட்டு இருந்தவரு. மகளைக் கட்டிக் குடுத்தது நம்ம மதுரைல. ‘இந்தப் போட்டோவ வாட்ஸப்புல போட்டுருவாங்கள்ல, சம்பந்தி வீட்ல பாப்பாங்கம்மா’ங்குறாரு. அழிச்சிருவோம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். கேமராவ உள்ள வை.”

உள்ளே வைத்தேன். அப்புறம் மத்தியானம்வரை மூட்டைதான் தூக்கினேன். வரிசை வேகமாக நகர்ந்தது. தயங்கி நின்ற பெண்கள் சிலர் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

படம் எடுப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே நூற்றைம்பது வயது ஆகப்போகிறது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்த 1876-78 பஞ்சத்தில், வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்கிற மதராஸ் குதிரைப்படை அதிகாரி, எலும்பும் தோலுமான ஜனங்களைக் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். அவருக்கும் தொழில் வேறு, படம் எடுப்பது ஆசைக்கு. உட்கார வைத்தவர்களுக்கு அவர் ஒரு வாய் சோறு கொடுத்தாரா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பிறகு 1886-ல் மண்டலேயில், மரண தண்டனைக் கைதிகள்மேல் குண்டு பாயும் நொடியைப் பிடிப்பதற்காகக் காத்திருந்து படம் எடுத்தார் என்று அவர்மேல் விசாரணையே நடந்தது. ஆனால் இன்றைக்கு அந்தப் பஞ்சத்தின் முகம் என்று நம்மிடம் இருப்பது ஹூப்பரின் படங்கள்தான். அவை இல்லையென்றால் லட்சக்கணக்கான சாவும் வெறும் எண்ணாகப் போயிருக்கும்.

1936-ல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங் எடுத்த தாயின் படம் உலகத்துக்கே தெரியும். அது பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு அரசாங்கம் உணவு அனுப்பியது. அதற்குள் அந்தத் தாயின் குடும்பம் அங்கிருந்து கிளம்பிப் போயிருந்தது. அவர் பேரை லாங் கேட்கவேயில்லை. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பேர் 1978-ல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் அவர் சொன்னார். படத்தால் யாருக்கோ சோறு கிடைத்தது, படத்தில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டுமே உண்மை.

சாயங்காலம் மூன்று மணி வாக்கில், தோப்புப் பாதையில் விழுந்து கிடந்த மரங்களை மிஷின் வைத்து அறுத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெரியவர் நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, போட்டோப் பொட்டி வச்சிருக்கீங்கள்ல? நம்ம மரத்தை எடுத்துத் தர முடியுமா?”

மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்த நேரம். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. கணக்கெடுக்க ஆள் வருவதற்கு முன்னால் மரத்தை அப்புறப்படுத்திவிட்டால் எதைக் காட்டுவது என்று எல்லோருக்கும் பயம். அப்புறப்படுத்தாவிட்டால் நடக்கப் பாதையில்லை, புதுப் பிள்ளை நட இடமில்லை. தென்னங்கன்றை அந்தப் பக்கம் பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள்.

நான் மேட்டில் ஏறி நின்று, அகலமாக, மொத்தத் தோப்பும் தெரிகிற மாதிரி எடுக்கலாம் என்றேன். பார்க்கவும் பிரமாதமாக இருந்திருக்கும்.

“அதெல்லாம் வேண்டாம் தம்பி. கூட்டமா எடுத்தா எண்ண முடியாது. ஒவ்வொண்ணா எடுங்க.”

ஒவ்வொன்றாக எடுத்தோம். 137 மரங்கள். வேரோடு சாய்ந்தது, நடுவில் முறிந்தது, கொண்டை மட்டும் திருகிப் போனது. அவர் முன்னால் நடந்து நம்பரைச் சொல்லுவார், நான் போனில் குறித்துக்கொண்டு எடுப்பேன். நடுநடுவே ஒவ்வொரு மரத்தின் கதையும் வந்தது. இது மக பொறந்த வருஷம் வச்சது. இதுல இளநி மட்டுந்தான் இறக்குவோம், தேங்கா விட மாட்டோம். இது எங்கய்யா வச்சது. கடைசி மரம் முடிந்ததும் “செத்த இருங்க” என்று வீட்டுக்குப் போனார். ஓட்டுக் கூரையில் பாதி இல்லை. கிழிசல் மேல் எங்கள் தார்ப்பாய் கிடந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலையைச் சீவி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். சட்டை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. தன் அப்பா வைத்த மரத்துக்குப் பக்கத்தில் நின்று, “இப்ப எடுங்க” என்றார். மரத்துக்குச் சொந்தக்காரர் யாரென்று தெரிய வேண்டுமாம். பேர், அப்பா பேர், பட்டா எண் எல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

காலையில் நான் எடுத்ததும் அவரைத்தான். ஆனால் அது எங்கள் ரசீது. மதுரையில் பணம் கொடுத்தவர்களுக்கு நாங்கள் காட்டுவதற்காக, அவர் முகத்தில் போட்ட கையெழுத்து. சாயங்காலம் எடுத்தது அவருடைய ரசீது. அதனால்தான் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

மதுரைக்கு வந்ததும் சபைப் பொருளாளர் படம் கேட்டார். ரிட்டயர்டு ஆனவர், நேர்மையான மனுஷர். “பென்ஷன்ல இருந்து அஞ்சாயிரம் குடுத்த அம்மா இருக்காங்க தம்பி. துபாய்ல இருந்து பசங்க அனுப்பிருக்காங்க. அவங்களுக்கு நாம கணக்குச் சொல்லணும்ல?” என்றார். நியாயம்தான். டீச்சர் அக்காவும் செயலாளரும் பேசி, கடை பில், வண்டியில் சாமான் ஏற்றுகிற படம், சாய்ந்த தோப்பு, மரம் அறுக்கிற எங்கள் பையன்கள் என்று ஒரு தொகுப்பு செய்தோம். வாங்கினவர்கள் முகம் ஒன்றுகூட இல்லை. “ஊர்க்காரங்க யாருமே இல்லையேப்பா” என்று இரண்டு பேர் குறைப்பட்டார்கள். பணத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

137 மரங்களையும் சின்ன சைஸில் பிரிண்ட் போட்டு, பின்னால் நம்பரும் பட்டா எண்ணும் எழுதி, டிசம்பரில் இரண்டாவது நடை போனபோது கொண்டுபோனேன். அதற்குள் கணக்கெடுக்க ஆள் வந்து போயிருந்தார்கள். மரத்தில் பெயின்ட் அடையாளம் இருந்தது. என் படத்துக்கு வேலை இல்லை. பெரியவர் ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. கடைசியாகச் சட்டை போட்டுக்கொண்ட படத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்:

“காலைல எடுத்தீங்களே தம்பி, அது? அழிச்சாச்சா?”

“அழிச்சிட்டேன்யா” என்றேன்.

பொய். காரணம் வேறொன்றுமில்லை. அவ்வளவு நல்ல படம் எனக்கு அதற்கு முன்னும் அமையவில்லை, பின்னும் அமையவில்லை. யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பதில் தப்பில்லை என்று இத்தனை வருஷமும் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். காளவாசலில் பாலம் வந்து, பழைய சிக்னலே அடையாளம் தெரியாமல் போய், அந்தச் செயலாளருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் ஆகிவிட்டன. படம் மட்டும் அப்படியே இருந்தது.

இதை எழுத உட்கார்ந்தபோது அந்த மூன்றையும் கடைசியாக ஒரு தடவை திறந்து பார்த்தேன். அப்புறம் அழித்தேன். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுட் பேக்கப்பில் ஒன்று, பழைய லேப்டாப்பில் ஒன்று. என் தொழிலில் எதையும் மூன்று இடத்தில் வைக்கத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது ஃபோல்டரில் 409 படங்கள் இருக்கின்றன. அவருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நான் அழித்துவிட்டதாகத்தானே அவர் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார்.