சாவ்லா வழக்கு: சில குறிப்புகள்

டெல்லியில் பிறந்து, 1996இல் வணிக விசாவில் லண்டன் போய், அங்கும் இங்குமாக வந்துபோய்க்கொண்டிருந்த வியாபாரி. சஞ்சீவ் சாவ்லா பற்றி லண்டன் நீதிமன்றம் பதிந்திருப்பது இது. டெல்லி போலீசுக்கு அவர் கிரிக்கெட் புக்கி, பெரிய கும்பலின் ஆள்.

*

2000ஆம் ஆண்டின் தொடக்கம். டெல்லி வியாபாரிகளிடம் பணம் கேட்டு மிரட்டல் போன்கள் வந்துகொண்டிருந்தன. நிழலுலக தாதா தாவூத் இப்ராகிமின் ஆட்களைப் பிடிக்கத்தான் குற்றப்பிரிவு போலீசார் போன்களை ஒட்டுக்கேட்டார்கள். சாவ்லாவோடு பேசிச் சிக்கிய குரல் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோனியேவுடையது என்று ஏப்ரல் 7 அன்று அறிவித்தார்கள். அவர் முதலில் மறுத்தார். நான்கே நாளில், பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார்.

*

அந்த ஆண்டு மார்ச் 19, இந்தியாவுடன் நாக்பூர் ஆட்டம். குரோனியே அணியின் ஹெர்ஷல் கிப்ஸ் 20 ரன்னுக்குள் அவுட்டாக வேண்டும், ஹென்றி வில்லியம்ஸ் 50 ரன்னுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. கிப்ஸ் 53 பந்தில் 74 அடித்தார். வில்லியம்ஸ் தோள்பட்டை வலியால் இரண்டாவது ஓவரைக்கூட முடிக்கவில்லை. பேசியபடி எதுவும் நடக்கவில்லை, ஆனாலும் சம்மதித்த குற்றத்துக்கு இருவருக்கும் ஆறு மாதத் தடை. குரோனியேவுக்கு ஆயுள் தடை. எல்லாம் அந்த ஆண்டுக்குள்ளேயே முடிந்தது.

டெல்லி போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது 2013இல். குரோனியே விமான விபத்தில் இறந்தே பதினொரு வருடம் ஆகியிருந்தது. இந்தத் தாமதத்துக்கு எந்தச் சமாதானத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

*

2016இல் லண்டனில் சாவ்லா கைது. டெல்லி திஹார் சிறையின் நிலையைக் காரணம் காட்டி 2017இல் அவரை இந்தியாவுக்கு அனுப்ப லண்டன் நீதிமன்றம் மறுப்பு. இந்தியா உறுதிமொழி தந்தபின் 2018இல் அது மாறியது. 2020 பிப்ரவரியில் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டார். ஏப்ரல் இறுதியில் ஜாமீன்.

*

அடுத்த மாதமே ஒரு செய்தி. எந்த ஆட்டமும் நேர்மையாக நடப்பதில்லை, எல்லாவற்றுக்கும் பின்னால் நிழலுலகம் இருக்கிறது என்று சாவ்லா போலீசிடம் சொன்னாராம். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அந்த வாக்குமூலத்தில் அவர் கையெழுத்தே இல்லை. கையெழுத்து இருந்தாலும், போலீசிடம் தந்த ஒப்புதல் சாதாரண வழக்கில் சாட்சியம் ஆகாது. குற்றம் செய்தாரா இல்லையா என்பது விசாரணையில் தெரியட்டும். அதுவரை அவர் குற்றம்சாட்டப்பட்டவர், அவ்வளவுதான்.

*

2013 ஐபிஎல் சூதாட்ட வழக்கில் டெல்லி போலீஸ் மோக்கா என்ற சிறப்புச் சட்டத்தையே எடுத்தது. மகாராஷ்டிரம் தன் தாதாக்களுக்காக 1999இல் போட்ட சட்டம். 2002 முதல் டெல்லியிலும் உண்டு. அதில் மூத்த போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதலே செல்லும். ஆனால் கும்பல் தொடர்ந்து குற்றம் செய்வதைக் காட்ட, பத்து ஆண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை வேண்டும். மோக்காவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2015 ஜூலை 25 அன்று டெல்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்த் உட்பட 36 பேரையும் விடுவித்தது. அதே ஜூலையில்தான், அதே விவகாரத்தில், உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை அணியை ஐபிஎல்லிலிருந்து இரண்டு வருடம் ஒதுக்கிவைத்தது. நம் ஊரில் அது மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

*

மேட்ச் ஃபிக்சிங்குக்கென்று நம்மிடம் தனிச் சட்டம் கிடையாது. ஏமாற்று, சதி என்ற பழைய பிரிவுகளில்தான் சாவ்லா வழக்கும் ஓடுகிறது. 2013இல் ஒரு வரைவு மசோதா எழுதினார்கள், நிறைவேறவில்லை. இலங்கை 2019இல் பத்தாண்டு வரை சிறை என்று சட்டமே போட்டுவிட்டது. நம் 2013 மசோதாவை மத்திய அரசு தூசி தட்டி எடுக்க வேண்டும். வழக்கை முடிப்பதற்கான கெடுவையும் அதிலேயே எழுத வேண்டும்.